இடர்கால ஆயத்த நிதியும் கமக்காரர் ஆலோசனைக் குழுக்களும்

(இறம்பொடைப் பகுதி நெல், மரக்கறிச் செய்கையாளருக்கு)

இறம்பொடைப் பகுதியிலே நிலம் பெரும்பாலும் மூன்று படிகளாக அமைந்திருக்கின்றது. மேற்படியில் தேயிலை மலைகளும் அவற்றின் நடுவே லயங்களும் உள்ளன. நடுப்படியில் கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி, உருளைக்கிழங்கு முதலியன செய்கைபண்ணப்படும் மரக்கறித் தோட்டங்கள் காணப்படுகின்றன. அவற்றுக்குக் கீழே, கொத்மலைப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும் சரிவுகளிலே, அடுக்கடுக்காக வரம்பு கட்டிய வயல்கள் இருக்கின்றன. கொத்மலை நீர்த்தேக்கம் 1985ஆம் ஆண்டிலே பயனுக்கு வந்தபோது பள்ளத்தாக்கின் அடியிலிருந்த வயல்கள் பல நீரில் அமிழ்ந்துவிட்டமையால், எஞ்சிய வயல்கள் முன்னிலும் அருமையாயின.

இம்மூன்று படிகளுக்கும் உடையவர் வேறு, நிருவாகம் வேறு, பேசும் மொழியும் பலவிடத்து வேறு. இறங்கிவரும் நீரோ ஒன்றேயாகும். மேலே தேயிலை மலையில் ஒரு கான் தூர்ந்துபோனால், அக்கானிற் செல்லவேண்டிய நீர் மண்ணுக்குள் இறங்கி நடுப்படியிலுள்ள பாத்திகளைத் தளர்த்தும். அங்கிருந்து பெயர்ந்த மண் வாய்க்காலை அடைத்துக் கீழேயுள்ள வயலை மூடும். கான் வெட்டும் செலவு தோட்டத்தைச் சார்ந்தது. கிராமப் பாதையின் மதகைப் பழுதுபார்ப்பது பிரதேச சபையின் கடமை. சிறிய அணைக்கட்டும் வாய்க்காலும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பெருவீதியோரத்துச் சுவர் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. இவை ஒவ்வொன்றும் தன் பணத்தைத் தன் வேளையிலே தன் எல்லைக்குள் மட்டும் செலவிடுமாயின், கீழே புதுச் சுவர் எழும். மேலே கான் தூர்ந்தபடியே கிடக்கும். அச்சுவரை அடுத்த மழை தள்ளிவிடும். இவ்விழப்பைத் தவிர்ப்பதற்குரிய வழியாகிய பிரதேச ஆலோசனைக் குழு பற்றியும், இடர்கால ஆயத்தத்துக்கெனப் பணத்தை முன்கூட்டியே ஒழுங்குசெய்வது பற்றியும் இப்பிரசுரத்திலே கூறப்படுகின்றது.

எச்சரிக்கை மட்டும் போதுமா?

மலைநாட்டிலே மண்சரிவு எச்சரிக்கை இல்லையென்று இக்காலத்தில் எவரும் கூறவியலாது. 1986ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே நுவரெலியா, பதுளைப் பகுதிகளில் நிகழ்ந்த சரிவுகளுக்குப் பின்னர், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலைமாவட்டங்களின் சரிவு அபாயப் படங்களை வரையத் தொடங்கிற்று. இன்று எந்தச் சரிவு ஆபத்துடையது என்பதைப் படத்திலே பார்த்து அறியலாம். மழைக்காலத்திலே மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூவகை எச்சரிக்கைகள் பிரதேச வாரியாக விடுக்கப்படுகின்றன.

ஆயினும் எச்சரிக்கை ஒரு குடும்பத்தைத் தானாகவே இடம்பெயர்த்துவிடாது. பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். அவ்விடம் வாழ்வதற்கு ஏற்றதன்று என்றும், மக்களை அகற்றவேண்டும் என்றும் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் அறிவுறுத்தப்பட்டிருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலையிலே மலை சரிந்து லயங்களை மூடியபோது மக்கள் அவ்விடத்திலேயே வாழ்ந்துகொண்டிருந்தனர். எஞ்சியோருக்கு மக்கல்தெனியவிலே புதிய வீடுகள் கையளிக்கப்பட்டது 2016ஆம் ஆண்டிலாகும். அழிவுக்குப் பின்னர் இரண்டு ஆண்டுகளிலே கிடைத்த காணியும் பணமும், அழிவுக்கு முன்னர் ஒன்பது ஆண்டுகளாகக் கிடைக்கவில்லை. எங்கே போவது, யார் காணி தருவது, எந்தத் தலைப்பின்கீழ்ப் பணம் ஒதுக்குவது என்னும் கேள்விகளுக்கு ஒரே மேசையிலிருந்து விடைகூறக்கூடிய ஒரு சபை அங்கே வேரூன்றியிருக்கவில்லை என்பதே எமது கருத்து.

2025 நவம்பர் 28ஆந் திகதி இலங்கையிலே கரைதட்டிய டித்வா புயலின்போது நாடெங்கும் 600 பேருக்கு மேல் உயிரிழந்தனர். மிகுந்த உயிரிழப்பு மண்சரிவினாலேயே உண்டாயிற்று. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் பெருந்துன்பமுற்றன. நுவரெலியாவை நோக்கிய வீதிகள் பல துண்டிக்கப்பட்டன. அக்காலம் பெரும்போகத் தொடக்கமாதலால் நாற்றும் விதைப்பும் ஒருங்கே அழிந்தன. பின்னர் உதவி பலவிடத்திருந்தும் வந்தது. உதவியைப் பழிப்பது எமது நோக்கமன்று. மழைக்கு முன்னர் ஒரு கானுக்குச் செலவிட்டிருக்கக்கூடிய தொகையையும், மழைக்குப் பின்னர் ஒரு வயலிலிருந்து கல்லும் மண்ணும் அகற்றச் செலவான தொகையையும் கமக்காரர் தாமே ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

சட்டத்தில் இடமுண்டு

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் 2005ஆம் ஆண்டு 13ஆம் இலக்க இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. சனாதிபதியைத் தலைவராகக் கொண்ட தேசிய பேரவை ஒன்று இச்சட்டத்தினால் நிறுவப்பட்டது. அப்பேரவை தனக்கு உதவியாகத் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுக்களை நியமிக்கலாம் என்றும் சட்டம் கூறுகின்றது. ஒவ்வோர் அமைச்சும் திணைக்களமும் தனக்கென அனர்த்தத் திட்டம் ஒன்றைத் தயாரித்தல் வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் கீழ் மாவட்ட ஒருங்கிணைப்புப் பிரிவுகள் இயங்குகின்றன. பிரதேச செயலகத்திலும் கிராம அலுவலர் பிரிவிலும் குழுக்கள் அமைக்கப்படுகின்றன.

கிராமக் குழு காசோலையிற் கையொப்பமிடும் அதிகாரமுடையதன்று. பணம் மாவட்டச் செயலாளர், பிரதேச செயலாளர் ஆகியோர் வழியாகவோ, அவ்வத் திணைக்களத்தின் வழியாகவோ மட்டுமே அரசாங்க நிதிப் பிரமாணங்களின்படி செலவிடப்படும். அவ்வாறாயின் ஆலோசனைக் குழுவினாற் பயன் யாது என்று சிலர் வினவக்கூடும். அலுவலகத்திலே பணம் ஒதுக்கும்போது, மதிப்பீட்டுடனும் வரைபடத்துடனும் ஆயத்தமாக நிற்கும் வேலைக்கே முதலிற் பணம் கிடைக்கும். ஆண்டிறுதியிலே மீந்த பணம் திரும்பிப் போவதற்கு முன்னர் செய்யத்தக்க வேலை எது என்று தேடும் அலுவலர், மேசைமேல் ஆயத்தமாக இருக்கும் பட்டியலையே கையிலெடுப்பார். அப்பட்டியலை ஆயத்தஞ்செய்வதும், அதன் ஒழுங்குமுறையைக் கமக்காரரும் தோட்ட மக்களும் ஒப்புக்கொள்ளச் செய்வதுமே ஆலோசனைக் குழுவின் வலிமையாகும்.

இம்முறை கமக்காரருக்குப் புதியதன்று. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பழைய வெல்விதானைமாரின் இடத்திலே பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்திற்று. போகந்தோறும் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே, எந்நாளில் வாய்க்கால் துப்புரவு செய்வது, எந்நாளில் நீர் விடுவது, எந்நாளுக்குள் விதைப்பது, மாடுகளை எப்போது கட்டிவைப்பது என்பன இன்றும் யாவர் முன்னிலையிலும் தீர்மானிக்கப்படுகின்றன. நீரைப் பங்கிடக் கூடத் தெரிந்தவருக்கு, நீரிலிருந்து தப்புதற்கான பணத்தைப் பங்கிடவும் கூடத் தெரியும்.

ஓடையை எல்லையாகக் கொள்க

குழுவை எந்த எல்லைக்குள் அமைப்பது என்பதே முதலாவது கேள்வி. கிராம அலுவலர் பிரிவுக்கொரு குழு என்பது நிருவாகத்துக்கு வசதியானது. மலையிலே ஒரு பிரிவின் எல்லை பெரும்பாலும் ஓடையின் நடுவே செல்வதால், ஓடையின் இரு கரையும் இரு குழுவுக்குச் சென்றுவிடும். இக்குறையைப் போக்க, கிராமக் குழுக்களை அவ்வாறே இருக்கவிட்டு, ஒரே ஓடைக்கு நீர் தரும் பிரிவுகளின் பிரதிநிதிகள் சேர்ந்த ஆலோசனைக் குழு ஒன்றைப் பிரதேச செயலாளரின் ஒப்புதலுடன் அமைப்பது நன்று. 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் இறம்பொடை நீர்வீழ்ச்சியின் நீரைப் பின்தொடர்ந்து மேலும் கீழும் ஒருமுறை நடந்து பார்த்தால், யார் யார் இக்குழுவில் இருக்கவேண்டும் என்பதை ஓடையே காட்டிவிடும்.

வயற் கமக்காரர் அமைப்பின் பிரதிநிதி, மரக்கறிச் செய்கையாளரின் பிரதிநிதி, தோட்ட முகாமையாளர் அல்லது அவரால் எழுத்துமூலம் அதிகாரமளிக்கப்பட்ட வெளிக்கள உத்தியோகத்தர், லயங்களில் வாழும் குடும்பங்களின் பிரதிநிதிகள், கிராம அலுவலர், கமநல சேவை நிலையத்தின் உத்தியோகத்தர், விவசாயப் போதனாசிரியர், பிரதேச சபை உறுப்பினர் ஆகியோர் குழுவில் இடம்பெறல் வேண்டும். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் உத்தியோகத்தர் ஒருவரும் அழைக்கப்படலாம். கொழுந்து பறிக்கும் பெண்களுள் இருவரையேனும் சேர்த்துக்கொள்ளாத குழு குறையுடையதாகும். மலையிலே புதிதாகத் தோன்றிய வெடிப்பையும், நேற்றுவரை தெளிந்திருந்த ஊற்று இன்று கலங்கி ஓடுவதையும் முதலிற் காண்பவர் அவர்களே.

தோட்ட மக்களைப் பற்றி இங்கு ஒன்று கூறல் வேண்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாகத் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைப் பணத்தைச் செலவிடுவது நெடுங்காலம் தடைப்பட்டிருந்தது. 2018ஆம் ஆண்டிலே அப்பிரிவு திருத்தப்பட்டு வழி திறக்கப்பட்டது. இம்மாற்றத்தை அறியாத கிராமத்தவர் சிலர், லயத்துக்குரிய வேலை சபையின் பட்டியலில் வரக்கூடாதென்று இன்றும் எண்ணுகின்றனர். லயத்தின் பின்னாலுள்ள கான் உடைந்தால் அந்நீர் வந்து சேருமிடம் கிராமத்தவரின் வயலேயாதலால், இவ்வெண்ணம் கிராமத்துக்கே கேடாகும்.

குழுவின் தீர்மானங்கள் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்படல் வேண்டும். ஒரு மொழியில் மட்டும் எழுதப்பட்ட தீர்மானத்தை மறுபகுதியார் தமக்கு எதிரானதென்று ஐயுறுவர். இரண்டு கொப்பிகள் வைத்திருப்பது பெருஞ்செலவன்று.

கூடவேண்டிய காலமும் முக்கியமானது. தென்மேற் பருவமழை மே மாதத்திலே தொடங்குகின்றது; ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலே இடைப்பருவ மழை பெய்கின்றது. ஆகவே ஏப்பிரிலில் ஒருமுறையும் செத்தெம்பரில் ஒருமுறையும் கட்டாயம் கூடுதல் வேண்டும். இவற்றுடன் சூலை மாதக் கூட்டம் ஒன்றும் அவசியமென்று நாம் கருதுகின்றோம். அரசாங்கத்தின் வரவுசெலவு ஆண்டு சனவரியில் தொடங்குகின்றது. திணைக்களங்கள் தம் மதிப்பீடுகளை அதற்குப் பல மாதங்கள் முன்னரே அனுப்பிவிடுகின்றன. நவம்பரிலே அழுதுகொண்டு போகும் மனுவுக்கு அவ்வாண்டிலும் பணமில்லை, மறு ஆண்டிலும் பணமில்லை.

மூன்று பைகள்

இடர்கால ஆயத்தத்துக்கான பணத்தை மூன்று பைகளாகப் பிரித்து நோக்குதல் தெளிவைத் தரும். முதலாவது, ஊரவர் தாமே சேர்ப்பது. இரண்டாவது, பிரதேச சபை, தோட்ட நிருவாகம் ஆகியவற்றிடமிருந்து பெறத்தக்கது. மூன்றாவது, மாகாண, மத்திய அரசாங்கங்களின் ஒதுக்கீடு.

முதற் பைக்கு மாதிரி ஊரிலேயே உள்ளது. மலைநாட்டிலே மரண உதவிச் சங்கம் இல்லாத தோட்டமோ கிராமமோ அரிது. மாதந்தோறும் சிறுதொகை கொடுத்து வருகின்றனர். சாவு நேர்ந்த வீட்டுக்கு அன்றைக்கே பணமும் பாயும் பாத்திரமும் போய்ச் சேருகின்றன. எவரும் மனு எழுதுவதில்லை. இடர்கால ஊர்நிதியும் அத்தகையதாகவே அமைதல் வேண்டும். உதாரணமாக, 60 குடும்பங்கள் மாதம் 100 ரூபா வீதம் சேர்ப்பின், ஆண்டுக்கு 72,000 ரூபா திரளும். இத்தொகையாற் சுவர் கட்ட முடியாது. கட்ட முயலவும் வேண்டா. தறப்பாள், கயிறு, கைவிளக்கு, மண்வெட்டி, முதலுதவிப் பெட்டி ஆகியன வாங்குவதற்கும், சிவப்பு எச்சரிக்கை வந்த இரவிலே முதியோரையும் கர்ப்பிணிகளையும் பாடசாலைக்கோ கோவில் மண்டபத்துக்கோ கொண்டுசெல்ல வாகனம் அமர்த்துவதற்கும், முதலிரண்டு நாள் அரிசிக்கும் பருப்புக்கும் அது போதும். அரசாங்கத்தின் சமைத்த உணவும் நிவாரணமும் வந்துசேரும்வரை இடையிலுள்ள அந்த இரண்டு நாட்களுக்காகவே ஊர்நிதி வேண்டப்படுகின்றது. சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கம் உள்ள இடத்தில் அச்சங்கத்திலேயே தனிக்கணக்கு ஒன்றைத் திறக்கலாம்.

ஏழைகள் சேர்த்த பணத்தைக் காட்டி, அரசாங்கம் தன் கடமையிலிருந்து விலகுதற்கு எக்குழுவும் இடங்கொடுத்தலாகாது. சரிவைத் தாங்கும் சுவர், பெருமதகு, ஆபத்தான லயத்துக்கு மாற்றுக்காணி ஆகியவை மூன்றாம் பைக்கு உரியன. அவற்றை முதற் பையிலிருந்து செய்யச் சொல்வது முறையன்று.

இரண்டாம் பையிலிருந்து செய்யத்தக்கவை கான், சிறுமதகு, நடைபாதை, தங்குமிடத்துக்கான நீர்த்தாங்கியும் மலசலகூடமும் போன்றவை. தோட்ட நிருவாகம் கான் வெட்டுவதற்கு ஆட்களை ஒதுக்குவது பணம் ஒதுக்குவதற்குச் சமமேயாகும். அதனைக் குழுவின் கணக்கிலே ஆள்நாட்களாகப் பதிவுசெய்தல் வேண்டும். மூன்றாம் பையிலே, திணைக்கள ஒதுக்கீடுகளுடன், 1974ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட பன்முகப்படுத்தப்பட்ட வரவுசெலவு முறையிற் பாராளுமன்ற உறுப்பினர் பரிந்துரைக்கும் நிதியும் அடங்கும். அந்நிதி பெரும்பாலும் பாதைக்கும் மண்டபத்துக்குமே கேட்கப்படுகின்றது. ஒரு கானுக்கும் அதனைக் கேட்கலாம் என்பதைக் கமக்காரர் நினைவிற்கொள்ளல் வேண்டும். கானுக்குத் திறப்புவிழா நடைபெறுவதில்லை என்பது உண்மைதான்.

பிறநாடுகள் இதனை எவ்வாறு ஒழுங்குசெய்துள்ளன என்பதையும் சிறிது நோக்குவோம். பிலிப்பைன்ஸ் நாட்டிலே 2010ஆம் ஆண்டின் சட்டப்படி, ஒவ்வோர் உள்ளூராட்சி மன்றமும் தன் வழமையான வருமானத்தில் நூற்றுக்கு 5 வீதத்துக்குக் குறையாத தொகையை அனர்த்த நிதியாக ஒதுக்குதல் வேண்டும். அதில் 30 வீதம் உடனடி உதவிக்கென வைக்கப்படுகின்றது. எஞ்சியது முன்னாயத்தத்துக்கும் பிற வேலைகளுக்கும் செல்லும். இந்தியாவிலே 2005ஆம் ஆண்டின் சட்டம் மாவட்ட அதிகாரசபை ஆலோசனைக் குழுக்களை அமைப்பதற்கு இடமளித்தது. 2021 முதல் 2026 வரையான காலத்துக்கு அந்நாட்டின் நிதி ஆணைக்குழு, மாநில இடர் நிதியில் 20 வீதத்தை இடர் தணிப்புக்கெனத் தனியே பிரித்து வைத்தது. எம்மைப் போலவே தேயிலையும் கரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிடும் நீலகிரியிலே, 2009 நவம்பரிற் கேத்திப் பகுதியில் ஒரே நாளில் 800 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டி மலைகள் சரிந்தன. இத்தகைய மழையின் முன்னே எந்தக் கானும் முழுமையாகத் தாங்காது. ஆட்களை அப்புறப்படுத்தும் பணம் கையில் இருத்தல் ஒன்றே அப்போது உதவும். எமது பிரதேச சபைகளுக்குப் பிலிப்பைன்ஸ் சட்டம் போன்றதொன்று விதிக்கப்படவில்லையாயினும், சபையின் ஆண்டு வரவுசெலவிலே ஒரு பங்கைத் தனித் தலைப்பின்கீழ் ஒதுக்குமாறு ஆலோசனைக் குழு எழுத்துமூலம் வேண்டுவதற்கு எத்தடையும் இல்லை.

மழைமானியும் பணப்பையும்

சேர்த்த பணம் எப்போது வெளியே எடுக்கப்படும் என்பதை மழை பெய்வதற்கு முன்னரே தீர்மானித்துவிடல் வேண்டும். மழை பெய்யும் இரவிலே கூடி வாதிட்டால் விடிந்துவிடும். இதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகளையே அடிப்படையாகக் கொள்க. 24 மணித்தியாலத்திலே 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு. 100 மில்லிமீற்றர் பெய்தால் எச்சரிக்கை. 150 மில்லிமீற்றர், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் வெளியேறல் வேண்டும். அங்குலக் கணக்கிற் பழகிய முதியோர் இவற்றை முறையே 3, 4, 6 அங்குலம் என்று நினைவில் வைக்கலாம்.

மழைமானி வாங்கப் பணமில்லையென்று காத்திருத்தல் வேண்டா. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, தட்டையான அடியையுடைய நேரான பாத்திரம் ஒன்றை மரமோ கூரையோ மறைக்காத திறந்த வெளியிலே மட்டமாக வைத்து, காலை ஒரே நேரத்தில் அதிலுள்ள நீரின் ஆழத்தை அடிமட்டத்தால் அளந்தால் மழையின் அளவு கிடைக்கும். பாத்திரம் அகன்றதாயினும் ஒடுங்கியதாயினும் ஆழம் ஒன்றேயாகும். அடி ஒடுங்கிய வாளியிலே மட்டும் கணக்குப் பிழைக்கும். கனமழை நாளிலே மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை அளந்து எழுதுதல் வேண்டும். மேற்படியில் ஒரு மானியும் கீழ்ப்படியில் ஒரு மானியும் இருத்தல் நன்று. மேலே மேகம் உடைந்து கொட்டும்போது கீழே தூறலாக இருப்பதைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர்.

இந்த அளவுகளோடு பணத்தைப் பிணைத்துவிடுக. 75 மில்லிமீற்றர் எட்டியவுடன் வாகனக்காரருக்கு முற்பணம் கொடுத்துவிடலாம். தங்குமிடத்தின் திறப்பு யாரிடம் உள்ளதென்று உறுதிசெய்யலாம். 100 எட்டியதும் அரிசி வாங்கப்படும். ஆபத்தான லயங்களிலுள்ள முதியோரும் குழந்தைகளும் முன்னதாகவே அனுப்பப்படுவர். 150 எட்டியபின் பணத்தைப் பற்றிய பேச்சே இருத்தலாகாது. இத்தீர்மானம் செத்தெம்பர்க் கூட்டத்திலே நிறைவேற்றப்பட்டிருந்தால், பொருளாளர் எவரையும் கேளாமலே பணத்தை விடுவிக்கலாம். பின்னர் அவரை எவரும் குறைகூறவும் இயலாது. நிலத்தில் வெடிப்பு, மரங்களும் கம்பங்களும் சாய்தல், கதவு யன்னல்கள் இறுகிப்போதல், ஊற்று திடீரெனத் தோன்றுதல் அல்லது வற்றுதல் ஆகிய அறிகுறிகளுள் ஒன்று காணப்படின், மானியின் அளவு எட்டும்வரை காத்திராமல் வெளியேறல் வேண்டும்.

விதையும் விளைவும்

உயிர் தப்பிய கமக்காரருக்கு அடுத்த கவலை விதையாகும். நாற்றுமேடை மண்ணாற் மூடப்பட்டால், மீண்டும் விதைப்பதற்குக் கிடைக்கும் காலம் குறுகியது. அக்காலத்திலே விதை கிடைக்காவிடிற் போகமே போய்விடும். ஆதலால் விதைநெல்லிலும் மரக்கறி விதையிலும் சிறுபங்கை ஊருக்குப் பொதுவாக, சரிவுக்கும் வெள்ளத்துக்கும் அப்பாற்பட்ட ஓரிடத்திலே, காற்றுப்புகாத கொள்கலனில் வைத்தல் வேண்டும். நெல்லை நன்கு உலர்த்திய பின்னரே அடைத்தல் வேண்டும். ஒவ்வொரு போகமும் பழைய விதையை விதைப்புக்கு எடுத்துப் புதியதை வைக்காவிடின், தேவைப்படும் நாளிலே அது முளைக்காது.

விளைந்த மரக்கறியும் ஆபத்திலிருந்து விலகியதன்று. இறம்பொடை வீதி அடைபட்டால், பறித்த போஞ்சியும் லீக்ஸும் சாக்கிலேயே வாடும். நுவரெலியாவிலிருந்து தலவாக்கலை, அட்டன் வழியாகச் செல்லும் வீதி திறந்துள்ளதா என்பதை விசாரித்து, பல தோட்டத்து விளைவை ஒரே லொறியில் அனுப்புவதற்குக் குழு முன்னரே ஒழுங்குசெய்யலாம். இரு வீதிகளும் அடைபட்டால் கரட்டை நிலத்திலேயே விட்டுவைப்பது மேல். நீர் தேங்காத பாத்தியில் அது சில நாட்கள் தாங்கும்.

இலங்கையிலே நெற்பயிர்க் காப்புறுதி 1958ஆம் ஆண்டு தொடங்கியது. கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபை இன்று இயங்குவது 1999ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழாகும். எந்தப் பயிருக்கு எவ்வளவு, எத்திகதிக்குள் பதிவு என்பதைப் போகத் தொடக்கத்திலேயே கமநல சேவை நிலையத்திற் கேட்டறிதல் வேண்டும். லயத்தின் அருகே உறுதியில்லாத சிறுதுண்டு நிலத்திலே மரக்கறி செய்பவரின் நிலைமையே மிகக் கடினமானது. இழப்பு நேர்ந்தபின் தாம் அங்கே பயிரிட்டதையே அவர்களால் நிறுவ இயலாமற் போகின்றது. ஆகவே குழு ஒவ்வொரு போகமும் செய்கைப் பதிவேடு ஒன்றைத் தயாரித்தல் வேண்டும். செய்கையாளர் பெயர், இடம், பரப்பு, பயிர், நட்ட திகதி ஆகியவற்றை எழுதி, கிராம அலுவலரினதும் தோட்ட உத்தியோகத்தரினதும் கையொப்பம் பெற்று, கைத்தொலைபேசியால் எடுத்த படம் ஒன்றையும் சேர்த்து வைத்தால், பின்னர் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கையில் அது சான்றாக உதவும். உறுதி கேட்கப்படும் திட்டத்துக்கு இது ஈடாகாது. பயிரை மட்டும் கணக்கிடும் உதவிக்கு இது பெரிதும் பயன்படும்.

கணக்கு

ஊர்நிதி குலைவது பெரும்பாலும் களவினாலன்று, எழுதாமல் விட்டதனாலேயாகும். தலைவர், பொருளாளர், லயப் பிரதிநிதி ஆகிய மூவருள் இருவரின் கையொப்பமின்றி வங்கியிலிருந்து பணம் எடுக்கலாகாது. கையிருப்பிலே வைக்கும் தொகைக்கு ஓர் எல்லை விதித்தல் வேண்டும். வங்கி மூடியிருக்கும் இரவுக்கு அது போதுமானதாகவும், அதற்கு மேற்படாததாகவும் இருக்கட்டும். வரவும் செலவும் எழுதிய தாள் இரு மொழியிலும் கமநல சேவை நிலையத்திலும், தோட்டத்தின் கொழுந்து மடுவத்திலும் ஒட்டப்படல் வேண்டும். மழை பொய்த்த ஆண்டிலே பணத்தைத் திருவிழாவுக்கோ கடனுக்கோ எடுக்கும் ஆசை தோன்றும். முதற் கூட்டத்திலேயே அதனைத் தடுத்து எழுதிவிடுக. பொருள்களும் கணக்கிற் சேர்ந்தவையே. தறப்பாளை எலி கடித்ததா, கைவிளக்கு எரிகின்றதா என்பதை ஏப்பிரிலிலும் செத்தெம்பரிலும் வெளியே எடுத்துப் பார்த்தல் வேண்டும்.

முதற் கூட்டத்துக்கு வருமுன், பிரதிநிதிகள் சேர்ந்து ஓடையின் தலையிலிருந்து வயல்வரை ஒருநாள் நடந்து, தூர்ந்த கான், உடைந்த மதகு, வெடித்த நிலம், ஆபத்தான வீடு ஆகியவற்றை ஒரு தாளிலே குறித்துக்கொள்க. அத்தாளிலுள்ள ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, அது எந்தப் பைக்குரியது, எந்த அலுவலகத்துக்கு எழுதவேண்டும், யார் கொண்டுசெல்வது என்பவற்றை எழுதுக. பின்னர் பிரதேச செயலாளருக்கும் மாவட்ட அனர்த்த முகாமைத்துவ ஒருங்கிணைப்புப் பிரிவுக்கும் பிரதிகளை அனுப்பி, பெற்றுக்கொண்டமைக்கான கையொப்பத்தை வாங்கி வைக்குக. சரிவு அறிகுறிகளைக் கண்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஆம் இலக்கத்துக்கும், பயிர் பற்றிய ஆலோசனைக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920ஆம் இலக்கத்துக்கும் தொலைபேசி மூலம் அறிவிக்கலாம்.